அவிழ்ப்பதும் உடுப்பதும்: அம்ரிதா ஷெர்கிலின் உடல்கள்

1937 நவம்பரில் லாகூரின் ஃபலெட்டிஸ் ஹோட்டலில் ஒரு தனிக் கண்காட்சி நடந்தது. ஓவியருக்கு வயது 24. பாரீஸில் படித்துவிட்டு மூன்றாண்டுகளுக்கு முன் இந்தியா திரும்பியவர். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அஜந்தா, எல்லோரா வழியாகத் தெற்கே வந்து கொச்சியையும் கன்னியாகுமரியையும் பார்த்துவிட்டுச் சிம்லாவுக்குப் போயிருந்தார். அந்தப் பயணத்திலிருந்து பிறந்த படங்கள் லாகூர் ஹோட்டலின் சுவர்களில் தொங்கின. சந்தைக்குப் போகும் கிராமத்துப் பெண்கள், பூணூல் அணிந்த பிரம்மச்சாரிகள், அலங்கரிக்கப்படும் மணப்பெண் எனத் தெற்கிலிருந்தும் இந்தியாவின் உட்புறங்களிலிருந்தும் வந்த உடல்கள் அவை. பார்க்க வந்தவர்கள் ஆங்கிலேய அதிகாரிகளும் பஞ்சாபின் படித்த செல்வந்தர்களும். படத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஹோட்டலின் முன்வாசல் வழியாக உள்ளே வந்திருக்க முடியாது.

அம்ரிதா ஷெர்கிலை நான் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். தமிழ் முதுகலையில் பெண்ணியத் திறனாய்வு என்ற தாளில் உடலரசியலுக்கு ஒதுக்கிய வாரங்களில், கவிதைகளுக்கு நடுவே ஓவியங்களையும் திரையில் காட்டுவது என் வழக்கம். பாடம் ஏறக்குறைய ஒரே மாதிரி போகும். ஐரோப்பிய ஓவியத்தில் பெண் பார்க்கப்படுபவள், ஆண் பார்ப்பவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பெண்களுக்கு ஆடையற்ற மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்பில் இடமில்லை. அந்தப் பயிற்சி இல்லாமல் பெரிய ஓவியர் என்ற பெயரும் இல்லை. 1971இல் லிண்டா நாக்லின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் எடுத்துக்காட்டியது. அப்படிப்பட்ட கதவு திறந்த தலைமுறையில் பாரீஸுக்குப் போனவர் அம்ரிதா. பெண் உடலைப் பெண்ணின் கையால் வரைந்தார். எனவே இது விடுதலை. இந்த இடத்தில் பாடத்தை முடித்து மணியடிக்கக் காத்திருப்பேன்.

ஒரு முறை அந்த இடத்தில் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். “மேடம், எங்க ஆளுங்களுக்கு ரவிக்கை போட்டதுதான் விடுதலை. அதுக்குத்தான் அடி வாங்கினாங்க. இதுல அவிழ்க்குறது விடுதலைன்னு சொல்றீங்க. ரெண்டுல எது மேடம்?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. என்னிடம் பதிலும் இல்லை. அவளுடைய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அம்ரிதாவின் படங்களை மறுபடி பார்த்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பாரீஸ் படங்கள். 1932இல் தீட்டிய ‘இளம்பெண்கள்’ படத்தில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி தங்கை இந்திரா, முழு ஆடையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறாள். மற்றவள் பிரெஞ்சுத் தோழி டெனிஸ் ப்ரூதோ, பாதி அவிழ்ந்த உடையில் கூந்தல் முகத்தை மறைக்க இருக்கிறாள். இந்தப் படம்தான் 1933இல் அம்ரிதாவுக்குப் பாரீஸ் சலோனின் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தது. அடுத்த ஆண்டு தீட்டிய ‘உறக்கம்’ படத்தில் இந்திராவே ஆடையின்றிப் படுத்திருக்கிறாள். பக்கத்தில் டிராகன் உருவம் போட்ட சால்வை. உடல் குறுக்குவாட்டில் கிடக்க, நாம் மேலிருந்து பார்க்கிறோம். கண்கள் மூடியிருக்கின்றன. வெனஸ் படங்களில் போலத் தன்னைப் பார்க்க வந்தவனை அவள் வரவேற்கவில்லை. அக்காவின் முன்னால் மட்டுமே இப்படித் தூங்க முடியும் என்று தோன்றுகிறது.

அதே 1933இல் வந்தது ‘தொழில்முறை மாடல்’. ஓவியர்களுக்கு முன் மணிக்கணக்கில் ஆடையின்றி உட்காருவதைப் பிழைப்பாகக் கொண்ட ஒரு பெண். இளமை கடந்துவிட்டது. தொங்கிய மார்பு, கூனிய தோள், சோர்ந்த முகம். காசநோயால் மெலிந்தவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். இருபது வயதுப் பெண் இதை எப்படிப் பார்த்தாள் என்ற வியப்பு அன்றே எழுந்தது. ஐரோப்பிய ஓவியத்தில் மாடல்கள் தேவதைகளாகவும் பழங்கதை நாயகிகளாகவும் வேடம் போட்டவர்கள்; இங்கே மாடல் மாடலாகவே இருக்கிறார். வேலை முடியக் காத்திருக்கும் உடல் அது.

மூன்றாவது, 1934இல் தீட்டிய ‘தாஹிதிப் பெண்ணாகத் தன்னுருவம்’. இடுப்புவரை ஆடையில்லாமல் அம்ரிதாவே நிற்கிறார். பின்னால் சுவரில் ஓர் ஆணின் நிழல். பிரெஞ்சு ஓவியர் போல் கோகன் 1891இல் தாஹிதித் தீவுக்குப் போய் அங்குள்ள சிறுபெண்களை வரைந்த படங்களுக்கான பதில் இது. கோகன் வரைந்த பெண்ணின் இடத்தில் ஓவியரே போய் நிற்கிறார். பார்வை நம்மைத் தாண்டி எங்கோ போகிறது. இந்தப் படத்தை வகுப்பில் எத்தனையோ முறை கொண்டாடியிருக்கிறேன். இனியும் கொண்டாடுவேன்.

ஆனால் அந்த மாணவியின் கேள்வி வந்தபின் மூன்று படங்களையும் வரிசையாக வைத்தால் வேறொன்றும் தெரிகிறது. தங்கை உறவின் நம்பிக்கையில் அவிழ்த்தாள். ஓவியர் தன் விருப்பத்தால் அவிழ்த்தார். படம் முடிந்ததும் உடுத்திக்கொண்டு நண்பர்களைப் பார்க்கப் போகலாம். மாடல் கூலிக்கு அவிழ்த்தார். தங்கைக்கும் ஓவியருக்கும் பெயர் இருக்கிறது. மூன்றாமவருக்குப் படத்தின் தலைப்பில் தொழில் மட்டும் இருக்கிறது. தாஹிதிப் பெண்ணோ படத்திலேயே இல்லை. அவளுடைய இடம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. மூன்று உடல்களையும் ‘பெண் வரைந்த பெண்ணுடல்’ என்று ஒரே பெயரில் நான் அடக்கிவிட்டேன். ஆடை களைவதற்கு ஒருவரிடம் என்ன இருந்தது, களைந்த பின் திரும்ப உடுத்துவது யார் கையில் இருந்தது என்பதைக் கேட்கவேயில்லை.

இப்போது தெற்கே வருவோம். கன்னியாகுமரியில் இருந்தபோது அம்ரிதா தீட்டியது ‘பழம் விற்பவர்கள்’. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். அம்ரிதா தூரிகையோடு நின்ற அந்த மண்ணில் பெண்ணின் மேலுடம்புக்கு ஒரு வரலாறு இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் மேல்சாதியார் முன் மார்பை மூடக் கூடாது என்பது அங்கே வழக்கமாகவும் அரசின் கட்டளையாகவும் இருந்தது. மிஷன் சபையில் சேர்ந்த நாடார் பெண்கள் குப்பாயம் போட ஆரம்பித்தார்கள், மேலாடை அணிந்தார்கள். சந்தையிலும் வழியிலும் அந்த ஆடைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் ஜெபக்கூடங்களும் எரிக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859 ஜூலை 26இல் மன்னர் அறிக்கை வெளியிட்டார். நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம், முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது. மூடும் உரிமையிலும் ஒரு நிபந்தனை.

அந்த அறிக்கைக்கு 78 ஆண்டுகள் கழித்து அம்ரிதா அங்கே வந்தார். அவர் வரைந்த பழக்காரர்கள் எந்தச் சாதி என்று படம் சொல்லவில்லை. அதைத் துருவுவதும் என் வேலையல்ல. பழம் விற்ற பெண்ணுக்கு அந்தப் போராட்டத்தின் நினைவு இருந்ததா என்றும் தெரியாது. ஆனால் உடலைப் பற்றி எழுதும் நாம் அந்த நிலத்தின் வரலாற்றைத் தெரியாததுபோல அந்தப் படத்தின் முன் நிற்க முடியாது. குறிப்பாக ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தினர்’ என்ற படத்தின் முன். நெடிய, கறுத்த உருவங்கள். உடம்பைச் சுற்றிய துணி. அஜந்தா ஓவியங்களைப் பார்த்த கண்ணும் செஸானைப் படித்த கையும் சேர்ந்து உருவாக்கிய கனமான அமைதி. அழகான படம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தென்திருவிதாங்கூரில் மூன்று தலைமுறைக்கு முன் ஒரு பெண்ணுக்குச் சந்தைக்குப் போகும் வழி என்பது ஆடை கிழிக்கப்படும் வழியாகவும் இருந்தது. லாகூரில் அந்தப் படத்தின் முன் நின்ற யாருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. அதைத் தெரிந்துகொண்டு பார்க்கக்கூடியவர்கள் நாம்.

அதே வரிசையில் வரும் ‘பிரம்மச்சாரிகள்’ படத்தை டெல்லியில் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். வெள்ளை வேட்டியும் பூணூலுமாக ஐந்து இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலுடம்பு திறந்திருக்கிறது. நடுவில் இருப்பவன் வெளிறிய நிறம்; சுற்றியிருப்பவர்கள் மாநிறமும் கறுப்பும். முன்பு இந்தப் படத்தில் நிறங்களின் சேர்க்கையை மட்டும் கவனித்தேன். இரண்டாம் முறை போனபோது அந்த மாணவியின் குரல் கூடவே வந்தது. இந்த இளைஞர்களின் திறந்த மார்பு தெய்வத்தின் முன் நிற்கும் தூய்மையின் அடையாளம். அதே நாட்டில் ஒரு பெண்ணின் திறந்த மார்பு மேல்சாதியின் முன் நிற்கும் பணிவின் அடையாளமாக்கப்பட்டது. இரண்டும் வெற்றுடம்புதான். ஒன்று மதிப்பைக் கூட்டியது, மற்றொன்று மதிப்பைப் பறித்தது. ‘மனித உருவம்’ என்று ஓவிய வகுப்பில் பொதுவாகச் சொல்கிறோமே, அப்படிப் பொதுவான உருவம் ஒன்று எங்கும் இல்லை. உருவத்தின் மேல் பூணூலோ பூணூல் இன்மையோ எப்போதும் இருக்கிறது.

‘மணப்பெண்ணின் அலங்காரம்’ இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. நடுவில் வெளிறிய மேனியுடைய மணப்பெண், சுற்றிலும் அவளைவிடக் கறுத்த மேனியர். அலங்கரிக்கப்படுபவளின் நிறமும் அலங்கரிப்பவர்களின் நிறமும் வேறு வேறு. அம்ரிதா இதை விமரிசனமாக வரைந்தாரா, வண்ண அமைப்புக்காக வரைந்தாரா என்று அறிஞர்கள் வாதிடலாம். படம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. யாருடைய உடல் பேணப்படுகிறது, யாருடைய கை பேணுகிறது என்று அதில் தெரிகிறது.

இங்கே அம்ரிதாவுக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். பாரீஸில் ஆடையற்ற உடலை இவ்வளவு துணிச்சலாக வரைந்தவர், இந்தியக் கிராமத்துப் பெண்களை அவிழ்க்கவில்லை. கோகன் தாஹிதியில் செய்ததைச் சிம்லாவில் செய்திருக்கலாம். செய்யவில்லை. துணியின் மடிப்பும் தலையில் இழுத்துவிட்ட முக்காடும் கூடிய உடல்களையே பெரும்பாலும் வரைந்தார். இந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன்.

ஆனால் அவர்களிடமிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டார்: கண்களை. 1935இல் வரைந்த ‘மூன்று பெண்கள்’ தொடங்கி அவருடைய இந்தியப் பெண்களின் இமைகள் தாழ்ந்தே இருக்கின்றன. பாரீஸில் தன்னை வரைந்த பல படங்களில் நம்மை நேராகப் பார்த்தும் சிரித்தும் நின்றவர் அவர். இந்தியாவில் அவர் வரைந்த ஏழைப் பெண் பார்ப்பதில்லை, பார்க்கப்படுகிறாள். அவளுடைய துயரம் அழகாகிவிடுகிறது. இந்தியாவின் ஏழைகளுடைய வாழ்வை வண்ணத்தில் சொல்வதே தன் வேலை என்று அம்ரிதா நம்பினார். ஐரோப்பா பிக்காசோவுக்கும் மத்தீஸுக்கும் சொந்தம், இந்தியா தனக்கு மட்டுமே சொந்தம் என்ற பொருளில் எழுதவும் செய்தார். இருபத்துச் சொச்ச வயதின் துடுக்கு என்று ரசிக்கலாம். ஆனாலும் ‘சொந்தம்’ என்ற சொல் உறுத்துகிறது. பழம் விற்ற பெண்ணுக்கு இந்தியா எவ்வளவு சொந்தம் என்ற கேள்வி அந்த வாக்கியத்தில் இல்லை. அவளுடைய முன்னோர் மனுக் கொடுத்தவர்களாகவும் அடிவாங்கியும் துணியைக் கீழே விடாதவர்களாகவும் இருந்திருக்கலாம். படத்தில் அவள் காலம் காலமாக அப்படியே நின்றுகொண்டிருக்கும் சோகச் சிலை.

அம்ரிதா அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 1940இல் தீட்டிய ‘கயிற்றுக் கட்டிலில் ஓய்வெடுக்கும் பெண்’ படத்தை ‘உறக்கம்’ படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரு பெண் குறுக்குவாட்டில் படுத்திருக்கிறாள். முதல் படத்தில் உடம்பில் துணியே இல்லை. இரண்டாவதில் சிவப்பு உடை உடலை முழுக்க மூடியிருக்கிறது. ஆனால் ஏக்கமும் சலிப்பும் வெக்கையும் இரண்டாம் படத்தில்தான் இருக்கின்றன. வீட்டுக்குள் அடைபட்ட ஒரு பெண்ணின் மதியவேளையை உடுத்திய உடலாலேயே அவரால் சொல்ல முடிந்தது. பக்கத்தில் விசிறியோடு ஒரு வேலைக்காரி உட்கார்ந்திருக்கிறாள். அவளும் அந்த வெக்கையில்தான் இருக்கிறாள் என்பதைப் படம் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 5இல், லாகூரில் இன்னொரு தனிக் கண்காட்சிக்கான ஏற்பாடுகளுக்கு நடுவே, 28 வயதில் அம்ரிதா இறந்துபோனார். இன்னும் பத்தாண்டுகள் இருந்திருந்தால் அந்த வேலைக்காரி நிமிர்ந்து பார்த்திருப்பாள் என்று எண்ண எனக்கு ஆசை.

2023இல் அவருடைய ‘கதைசொல்லி’ 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அதுவரை ஏலத்தில் விற்ற இந்திய ஓவியங்களில் அதுவே அதிக விலை. பெண் ஓவியரின் படம் முதலிடத்தைப் பிடித்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். விலையைப் பேசிய செய்திகளில் படத்திலிருந்த கிராமத்துப் பெண்களைப் பற்றி அதிகம் படித்த நினைவில்லை.

தமிழில் இந்த வேறுபாடுகளுக்குச் சொற்கள் இருக்கின்றன. ‘நிர்வாணம்’ என்றால் கலையும் துறவும் கூட வருகின்றன. ‘அம்மணம்’ என்றால் அவமானம் வருகிறது. ‘அமணர்’ என்ற சமணத் துறவியரின் பெயரோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துவார்கள். துறவு வசையான கதை அது. ‘வெற்றுடம்பு’ பெரும்பாலும் ஆணுக்கு. வயலிலோ கோயிலிலோ நிற்பவனுக்கு. ஒரே உடலுக்கு மூன்று சொற்களையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், சாதியும் பாலும் எங்கே நிற்கின்றன என்று புரியும். நம் இலக்கியம் பெண்ணைப் பாதத்திலிருந்து கேசம்வரை உவமைகளால் மூடியது. பாதாதிகேசம் என்று அதற்கொரு முறையும் வகுத்தது. 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்தபோது மட்டும் தமிழ்ப் பண்பாடு பதறியது. கண்டனமும் மிரட்டலும் அவரோடு நிற்கவில்லை; உடலை எழுதிய மற்ற பெண் கவிஞர்கள்மீதும் வந்தன. அப்போது எழுதத் தொடங்கியிருந்த எனக்கு அந்த நாட்களின் பயம் நினைவிருக்கிறது. நூற்றாண்டுகளாக ஆண் கவிஞர்கள் எழுதிய அதே உறுப்புதான். எழுதிய கை மாறியதுதான் குற்றம்.

இதிலிருந்து அந்த மாணவிக்கு என் பதிலை இப்படிச் சொல்லிக்கொள்கிறேன். ரவிக்கைக்காக அடி வாங்கிய பெண்ணும், தன் உடலைத் தானே வரைந்த பெண்ணும், முலை என்ற சொல்லை அட்டையில் அச்சிட்ட பெண்ணும் கேட்டது ஒன்றைத்தான்: என் உடலைக் காட்டுவதா மூடுவதா என்பதை நான் முடிவு செய்வேன். துணி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து விடுதலையை அளக்க முடியாது. ஆனால் இந்த ஒற்றுமையைச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியாகப் போய்விடவும் கூடாது. அந்த முடிவை எடுக்க அம்ரிதாவுக்கு ஓர் ஓவியக்கூடமும் கண்ணாடியும் போதுமானதாக இருந்தன. தோள்சீலைப் பெண்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. பாரீஸின் மாடலுக்கு அது கிடைத்ததா என்று தெரியவில்லை. அவருக்கு முன்னால் அன்றைய சாப்பாடு இருந்தது.

இப்போது அந்தப் பாடத்தை வேறுவிதமாகத் தொடங்குகிறேன். முதலில் ‘தொழில்முறை மாடல்’ படத்தைத் திரையில் போடுவேன். ஓவியர் யார் என்று சொல்வதற்கு முன், இவர் யார், இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறார், இவருக்கு இப்போது குளிருமா என்று கேட்பேன். மாணவிகள் முதலில் தலையைக் குனிந்துகொள்வார்கள். பிறகு ஒருத்தி மெதுவாக நிமிர்ந்து, அவருக்குக் கால் மரத்துப் போயிருக்கும் மேடம் என்பாள். பாடம் அங்கிருந்து போகும்.